மாசிச் சீவல்

ஜப்பானியச் சமையல் காணொளி ஒன்றில் நேற்றும் அதே வரி: "இறுதியாக மீன் செதில்களைத் தூவவும்." எத்தனையாவது தடவையோ. மீன் வாங்கும் வீட்டில் செதில் என்றால் கத்தியின் முதுகால் சுரண்டித் தள்ளுவது, முழங்கையில் ஒட்டி மாலைவரை மினுங்குவது. அதைப் போய் யாராவது சாப்பாட்டில் தூவுவார்களா?

தூவப்படுவது கட்சுவோபுஷி: புகையில் காய்ந்த மீன் கட்டையை மெலிதாக இழைத்தது. ஆங்கிலத்தின் 'ஃபிளேக்ஸ்'தான் தமிழில் செதிலாகிவிட்டது. கட்சுவோ என்பது சூரை வகை மீன். புஷி, கணு என்று பொருள்படும் 'ஃபுஷி' என்பார்கள். புகையூட்டலைக் குறிக்கும் 'இபுஷி' என்பாரும் உண்டு. அந்தச் சண்டை அவர்களுக்கு.

இதற்குப் பேர்போன ஊர் மக்குராசாக்கி. கியூஷு தீவின் தென்கோடியில், ககோஷிமா மாவட்டத்தில், கிழக்குச் சீனக் கடலைப் பார்த்த துறைமுகம். பெயருக்குத் 'தலையணை முனை' என்று பொருள்.  1700களின் தொடக்கத்தில் கிழக்கே கீ என்ற பழைய ஜப்பானிய மாகாணத்திலிருந்து இங்கே வந்த தொழில் இது. இன்று ஜப்பானில் மிக அதிகமாகக் கட்சுவோபுஷி செய்வது இந்த ஊர்தான். சூரையைத் தலை நீக்கிக் கண்டம் போட்டு, அவித்து, முள் பிடுங்கி, விறகுப் புகையில் நாள்கணக்கில் காயவைப்பார்கள். உயர்ரகமென்றால் அதன்மேல் பூஞ்சணம் ஏற்றி வெயிலில் போடுவதும் மறுபடி ஏற்றுவதுமாக மாதக்கணக்கில் போகும். கடைசியில் கையில் இருப்பது கட்டை. இரண்டைத் தட்டினால் மரச்சத்தம். இழைப்புளி தலைகீழாகப் பொருத்திய பெட்டியில் அதைத் தேய்க்க, கீழே சுருள் சுருளாக விழும்.

அவித்துப் புகையூட்டிக் காய்ந்த சூரைக்கு நம் கரையில் பெயர் இருக்கிறது: மாசி. மாலத்தீவிலிருந்து வந்த பண்டம். அந்த ஊர் மொழியில் 'மாஸ்' என்றால் மீன். மாசி மாதத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இழைத்து விழுவதற்கும் பெயர் இருக்கிறது. வெற்றிலை போடுகிறவர்களைக் கேளுங்கள்: சீவல். ஆக, மாசிச் சீவல்.

'மரச்செதில் என்கிறோமே, செதுக்கினால் செதில்தானே' என்று ஒரு நண்பர் மல்லுக்கு நின்றார். மரத்துக்குச் சரி, ஐயா. மீனுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சொல் ஒரே இடத்துக்குத்தான் போகும். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சூரைக்கு மார்புப் பட்டையையும் பக்கக்கோட்டையும் விட்டால் உடம்பில் செதிலே கிடையாது! இன்னொருவர், மாசி தமிழே அல்ல, 'புகையுலர்மீன் துகள்' என்று போடலாம் என்றார். அதைச் சொல்லிக் கடையில் கேட்டு வாங்கி வரட்டும், பிறகு பேசலாம்.

நோய் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்கள் கையில் காலைச் சிற்றுண்டியான கார்ன் ஃபிளேக்ஸ் 'சோளச் செதில்' ஆகிவிட்டது. அவல் தின்று வளர்ந்த ஊரில்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நம் மாசியில் பூஞ்சணம் ஏற்றும் வேலை இல்லை. வேறுபாடு காட்ட வேண்டிய இடத்தில் 'ஜப்பான் மாசி' என்றால் போதும். கட்டை ஒன்றைத் தூத்துக்குடிப் பெரியம்மாவிடம் பெயர் சொல்லாமல் நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். "மாசிதானே இது? பூசணம் புடிச்சிருக்கு பாரு, வெயில்ல போடு."