கூண்டுக்குள் 400 ஜூல்

ரோபோ சண்டையில் ஒரு ஆட்டம் பெரும்பாலும் மூன்று நிமிடம்தான். ஆனால் போட்டி நடத்துகிறவருக்கு வயிற்றைக் கலக்குவது அதற்கு முந்தைய ஒரு நிமிடமும் பிந்தைய ஒரு நிமிடமும். அப்போதுதான் ரோபோ மனிதக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

தூசி உறிஞ்சும் கருவியை ரிமோட்டில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மார்க் தார்ப், 1994இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபோர்ட் மேசன் வளாகத்தில் ‘ரோபோ வார்ஸ்’ போட்டியை நடத்தினார். பின்னாளில் 113 கிலோ ரோபோக்கள் தொலைக்காட்சிக்கு வந்தன. ஆர்வலர்கள் சொந்தமாக நடத்தும் போட்டிகளில் பெரும்பாலும் சின்ன வகைகள்தான்: அமெரிக்கக் கணக்கில் ‘எறும்பு எடை’ 454 கிராம், ‘வண்டு எடை’ 1.36 கிலோ.

ஒன்றேகால் கிலோ சொச்சம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். வண்டு எடை ரோபோவில் ஆயுதமாக 300 கிராம் எஃகுத் தட்டு ஒன்று, 7 செ.மீ. ஆரத்தில், நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழல்வதாக வைத்துக்கொள்வோம். அதில் தேங்கும் ஆற்றல் சுமார் 400 ஜூல். பத்து கிலோ அரிசி மூட்டை நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவோ, அவ்வளவு. தட்டின் விளிம்பு மணிக்கு 260 கி.மீ.க்கு மேல் போகிறது. சுற்று இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். அதனால்தான் எல்லோரும் வேகத்தைக் கூட்டப் பார்க்கிறார்கள்.

இந்த ஆற்றல் எதிராளி மேல் மட்டும் இறங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கழன்ற போல்ட் ஒன்று, சண்டை அரங்கான கூண்டின் சுவரை நோக்கிப் பறக்கலாம். ஆகவே சுவருக்கு பாலிகார்பனேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்தான் வேண்டும். அக்ரிலிக் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கும் பார்க்க அதே மாதிரி பளிச்சென்று இருக்கும், ஆனால் அடிபட்டால் கண்ணாடிபோல் நொறுங்கிக் கூரான துண்டுகளாகச் சிதறும். பாலிகார்பனேட் வளைந்து குழிந்து அடியை வாங்கிக்கொள்ளும். கூரையும் கட்டாயம். பட்ஜெட் இடித்தால் பரிசுத்தொகையைக் குறைக்கலாம். சுவரில் கை வைக்கவே கூடாது.

இப்போது அந்த முந்தைய நிமிடத்துக்கு வருவோம். ரோபோவை அரங்குக்குள் வைக்கும்போது சுழலும் ஆயுதத்தில் ஒரு பூட்டு செருகியிருக்கும். பெரும்பாலும் ஒரு கம்பி. முதலில் ரிமோட்டை இயக்க வேண்டும், அப்புறம்தான் ரோபோவுக்கு மின்சாரம். வரிசை மாறினால், கட்டளை கிடைக்காத ரோபோ என்ன செய்யும் என்பது ரிமோட்டின் கட்டளையை வாங்கும் அதன் ரிசீவரை அமைத்தவர் கையில் இருக்கிறது. எல்லாம் அசையாமல் இருப்பதைப் பார்த்த பிறகு, கையைத் தட்டின் பாதைக்கு வெளியே வைத்துக்கொண்டு பூட்டை உருவி, கதவைச் சாத்த வேண்டும்.

இதற்காகத்தான் காலையிலேயே சோதனை மேசை. ரோபோவைக் கட்டை மேல் தூக்கி வைத்து, சக்கரம் சுழலும்போதே ரிமோட்டை அணைப்பார்கள். உடனே எல்லாம் நிற்க வேண்டும். ஆயுதத்தை அரங்குக்குள் வைத்துத்தான் சோதிப்பார்கள்: மின்சாரம் நின்றதும் 60 விநாடிக்குள் அது ஓய வேண்டும் என்பது பரவலான விதி. தேறாத ரோபோ சண்டைக்குப் போகாது. ஆறு மாதம் உழைத்துக் கொண்டுவந்த பையனிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

சரி, நேரக் கணக்கு. இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்ற முறையில் 16 ரோபோ வந்தால் எத்தனை ஆட்டம்? ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு தோல்வி. பதினைந்து பேர் தலா இருமுறை தோற்க வேண்டும், ஆக 30. சாம்பியனும் ஒருமுறை தோற்றிருந்தால் 31. ஆட்ட நேரம் மட்டும் ஒன்றரை மணிதான். ஆனால் உடைந்ததைச் சரிசெய்யவும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் இடைவெளி வேண்டும். வழக்கமான வேகத்தில் சார்ஜ் ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அதனால் ஒரு நாள் முழுக்க ஓடிவிடும். சார்ஜ் மேசைக்கு எத்தனை பிளக் என்று போட்டிக்கு மண்டபம் பிடிக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

ஆட்டம் முடிந்து மணி அடித்தாலும் கதவு திறக்காது. தட்டு ஓயும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். ரோபோவிலிருந்து புகை வந்தால் காத்திருப்பு இன்னும் நீளும். துளைபட்ட லிப்போ உடனே எரியும் என்றில்லை. உள்ளே சூடு ஏறி ஏறிச் சில நிமிடம் கழித்தும் பற்றிக்கொள்ளும். கனத்த கையுறை போட்ட ஒருவர் உப்பிய பேட்டரியை இடுக்கியால் எடுத்து மணல் வாளியில் போடுகிறார். வாளி திறந்தவெளிக்குப் போனதும் அடுத்த ஜோடியைக் கூப்பிடுகிறார்கள்.