கிளேஸ், சீலன்ட், வேக்ஸ்: உங்கள் காரில் என்ன பூசுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்

பாலிஷ் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மறுபடி கோடு கோடாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் கார் பாலிஷ் போடும் எங்கள் வேலையில் அதிகம். பெரும்பாலும் கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு வண்டிகள். வெள்ளை வண்டியிலும் அதே கோடுகள் உண்டு, சட்டென்று கண்ணில் படாது, அவ்வளவுதான். என்ன போட்டார்கள் என்று கேட்டால் "டெஃப்லான்னு சொன்னாங்க", "த்ரீ ஸ்டெப் பாலிஷ்னு பில்லுல இருக்கு" என்பார்கள். பில்லில் இருக்கும் பெயருக்கும் பெயிண்ட் மேல் கிடக்கும் பொருளுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. இதில் ஏமாறுவது பணம் கொடுத்தவர் மட்டும் இல்லை, அந்த பெயிண்டும்தான்.

இப்போதைய கார்களில் கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு) வரைதான் இருக்கும். அதில் மேலே இருக்கிற நிறமில்லாத அடுக்கான கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான், ஒரு தலைமுடியின் கனம்கூடக் கிடையாது. பளபளப்பு, வெயிலைத் தாங்குவது எல்லாமே இதன் பொறுப்பு. ராத்திரி பானெட்டுக்கு நேர் மேலே மொபைல் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள், வெளிச்சத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். ஸ்வர்ல் மார்க் என்போம். கோடு ஒவ்வொன்றும் கிளியர் கோட்டில் விழுந்த நுண்ணிய பள்ளம். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் வெளிச்சம் சிதறுவதால்தான் பெயிண்ட் மங்கலாகத் தெரிகிறது.

இந்தப் பள்ளத்தை இரண்டு விதமாகக் கையாளலாம். காம்பவுண்டு, பாலிஷ் என்கிற தேய்க்கும் பசைகளைப் போட்டு சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்து மட்டமாக்குவது ஒன்று, பள்ளத்துக்குள் எதையாவது நிரப்பி மறைப்பது இன்னொன்று. கிளேஸ் செய்வது இரண்டாவது வேலை. வறண்ட காலில் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும், தேங்காய் எண்ணெய் தடவினால் மறையும், குளித்து வந்தால் மறுபடி தெரியும். கிளேஸும் அப்படியேதான். அதில் இருப்பது எண்ணெய்ப் பொருள்களும் நிரப்பிகளும். பூசின அன்றைக்கு வண்டி கண்ணாடி மாதிரி நிற்கும், சில வாஷில் கரைந்து போய்விடும். வெயில், காக்கை எச்சம், போர் தண்ணீர் எதையும் அது தடுக்காது. தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதனால் கிளேஸே மோசம் என்று அர்த்தமில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷ வண்டி, ஏற்கெனவே பலமுறை காம்பவுண்டு அடித்து கிளியர் கோட் மெலிந்து போயிருக்கிறது, இன்னும் ஒரு முறை தேய்த்தால் ரூஃபிலும் பானெட்டிலும் உரிய ஆரம்பித்துவிடும் என்ற நிலையில் நானே கிளேஸைத்தான் எடுப்பேன். அங்கே தேய்ப்பதைவிட மறைப்பது நல்லது. வாடிக்கையாளரிடம் "இது மறைப்பு, ரெண்டு மாசம்தான் நிற்கும்" என்று சொல்லிச் செய்கிறோமா, சொல்லாமல் 'ஸ்க்ராட்ச் ரிமூவல்' என்று பில் போடுகிறோமா என்பதுதான் கேள்வி. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், விற்பனைக்கு நிற்கிற வண்டியின் பளபளப்பில் கிளேஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் லேசாகத் தெளித்து, பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு அழுத்தாமல் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். துடைத்த இடத்தில் மட்டும் கோடுகள் எழுந்து வந்து, பக்கத்தில் எல்லாம் வழவழவென்று இருந்தால் உள்ளே நிரப்பிதான். எதிரே நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஒரு நிமிஷத்திலேயே எல்லாம் புரிந்துவிடும். தண்ணீர் முத்து முத்தாக உருள்வதைக் காட்டி "பாருங்க சார், கோட்டிங் எப்படி நிக்குது" என்பார்கள், அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். எண்ணெய் தடவிய எந்தப் பரப்பிலும் தண்ணீர் உருளத்தான் செய்யும்.

சீலன்ட் என்பது செயற்கை பாலிமர். பெயிண்டைப் பற்றிக்கொண்டு மேலே மெல்லிய படலமாக இறுகி நிற்கும். தினமும் தெருவில் வெயிலில் நிற்கிற வண்டிக்கு என்னைக் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான். டப்பாவில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் சென்னை வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் நான்கு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கீழே சுத்தமான வெறும் பெயிண்ட் இருக்க வேண்டும், எண்ணெய்ப் பசை இருந்தால் பிடிக்காது. இரண்டு, இறுக நேரம் கொடுக்க வேண்டும். பொருளைப் பொறுத்து பாதி நாளிலிருந்து ஒரு நாள் வரை தண்ணீர் படக்கூடாது. காலையில் வண்டியை விட்டு மதியம் எடுத்து, சாயங்காலம் மழையில் ஓட்டிக்கொண்டு போனால் போட்ட சீலன்ட் பாதி வீண்.

இங்கேதான் 'கிளேஸ், அப்புறம் சீலன்ட், அதுக்கு மேல வேக்ஸ், மூணு லேயர் சார்' என்கிற பேக்கேஜ் இடிக்கிறது. எண்ணெய் நிறைந்த கிளேஸுக்கு மேல் சீலன்ட் போட்டால் அது பெயிண்டைப் பிடிக்காமல் கிளேஸைப் பிடிக்கும், கிளேஸ் கரையும்போது அதோடு சேர்ந்து போகும். சீலன்டோடு ஒத்துப்போகிற மாதிரி செய்த கிளேஸ்களும் உண்டு, அது அந்த டப்பாவிலேயே எழுதியிருக்கும். அப்படி எழுதாதது என்றால் வழி இரண்டுதான்: பாலிஷ் முடித்து கிளேஸ் போட்டு மேலே வேக்ஸ், அல்லது பாலிஷ் முடித்து ஆல்கஹால் கலவையால் முழுக்கத் துடைத்துவிட்டு சீலன்ட், அது இறுகினதும் வேண்டுமானால் வேக்ஸ். வேக்ஸுக்கு மேல் சீலன்ட் எப்போதும் கிடையாது.

வேக்ஸ் என்றால் நல்ல டப்பாக்களில் கார்நாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு. தனியாக எடுத்தால் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், உருக 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். தேய்க்க வருவதற்காக அதில் எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் கலக்கிறார்கள், அதனால் டப்பாவில் இருப்பது அவ்வளவு சூட்டைத் தாங்காது. மே மாத வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள், வேக்ஸ் ஏன் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் போகிறது என்று தெரியும். ஆனாலும் அடர்நிற வண்டியில் அது கொடுக்கிற ஆழமான மினுமினுப்பு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நிழலில் நிறுத்தி, ஒவ்வொரு பேனலாக, உள்ளது தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் விரலால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். விரல் போன இடம் சுத்தமாகத் தெரிந்தால் துடைக்கலாம், இழுவினால் இன்னும் காயவில்லை. தடிமனாகப் பூசுவதால் எந்த லாபமும் இல்லை, துடைக்கும்போது எல்லாம் துணியோடுதான் வரும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும், முதலிலேயே டேப் ஒட்டிவிடுங்கள்.

டெஃப்லான் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெஃப்லான் என்கிற பொருள் ஒரு உலோகத்தின் மேல் ஒட்டி உட்கார 300 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும், நான்ஸ்டிக் தோசைக்கல்லுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். கார் பெயிண்ட் அந்தச் சூட்டில் கருகிவிடும். ஆக டெஃப்லான் கோட்டிங் என்று நம் ஊரில் விற்பது பெரும்பாலும் ஒரு பாலிமர் சீலன்ட், சில இடங்களில் வெறும் வேக்ஸ். சீலன்ட் விலைக்குக் கொடுத்தால் பரவாயில்லை, பல மடங்கு விலைக்கு வாங்காதீர்கள். டெலிவரி நாளில் புது வண்டியோடு சேர்த்துத் தள்ளிவிடும் பேக்கேஜில் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

எதைப் பூசினாலும் கீழே இருக்கிற அழுக்கு போயிருக்க வேண்டும். கழுவித் துடைத்த பானெட் மேல் கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவுங்கள், வெறுங்கைக்குத் தெரியாத மணல் நெருடல் அதில் தெரியும். பிரேக் தூள், ரயில் பாதைப் பக்கம் பறக்கிற இரும்புத் தூள் எல்லாம் பெயிண்டில் குத்திக்கொண்டு நிற்கும். வெள்ளை வண்டியில் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரிவது பல நேரம் அதுதான், உள்ளிருந்து துருப்பிடிக்கிறது என்று பயப்படாதீர்கள். இரும்புத் தூளைக் கரைக்கிற இரும்பு ரிமூவர் அடித்தால் ஊதாவாக வழியும், மீதியை களிமண் மாதிரி மெத்தென்று இருக்கும் கிளே பார் எடுக்கும்.

அப்புறம் அந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன? அபார்ட்மெண்டில் தினமும் விடிகாலை கார் துடைக்கிற அண்ணனிடம் இருப்பது ஒரு பக்கெட், ஒரு துணி, பத்து வண்டி. முதல் வண்டியின் புழுதி உங்கள் பானெட்டில் உரசுகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது, நாம் கொடுக்கிற காசுக்கும் நேரத்துக்கும் அவர் அப்படித்தான் செய்ய முடியும். உங்கள் வண்டிக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுங்கள். வாரம் இரண்டு நாள், முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்கிவிட்டு துடைத்தால் போதும், மற்ற நாள் கண்ணாடி மட்டும் துடைக்கட்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். துணி துவைக்கிற பவுடரும் பாத்திரம் கழுவுகிற திரவமும் வேண்டாம், காசு கொடுத்துப் போட்ட வேக்ஸை அதுவே கழற்றிவிடும்.

டிங்கரிங் முடித்து புதிதாக பெயிண்ட் அடித்த பேனல் இருந்தால், அதில் உடனே சீலன்டோ வேக்ஸோ போடாதீர்கள். உள்ளே இருக்கிற கரைப்பான் வெளியேற ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம், பெயிண்டரிடமே எத்தனை நாள் என்று கேளுங்கள். அதுவரை நிழலில் நிறுத்தி, கார் ஷாம்பு போட்டுக் கழுவி, எச்சம் விழுந்தால் அன்றைக்கே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிடுங்கள்.