அரைமண்டி வராத பிள்ளைக்கு ஆட்டம் வராதா?

"மிஸ், இந்த எக்சர்சைஸை இன்னும் எத்தனை நாளைக்குச் செய்யணும்?"

இயன்மருத்துவராக வேலை செய்யும் என்னிடம் கிளினிக்கில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் பாட்டி. பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் சிறு வயதிலிருந்தே தசையும் அசைவும் சரியாக வராத நிலை) உள்ள பிள்ளை என்றால் நேர்மையான பதில், "வாழ்நாள் முழுக்க" என்பதுதான். காலையில் தோட்டத்தில் வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்குப் போய், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் (பாதி நாள் சம்பளம்) ஆகிவிடுமே என்ற பயத்தோடு மலை ஏறி இறங்கும் ஒரு பெண், சாயந்தரம் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, அதற்குப் பிறகு பிள்ளையின் காலை அரை மணி நேரம் நீட்டிப் பிடிக்க வேண்டும். கொஞ்ச நாள் நடக்கும். அப்புறம் நாங்கள் கொடுத்த படம் போட்ட தாள், கிளினிக் புத்தகத்தோடு சிலிசிலி பைக்குள் மடிந்து கிடக்கும். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நடனத்தின் பக்கம் என் கவனம் திரும்பியது இதனால்தான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறுகிப்போன தசையை அடவு, அதாவது நடனத்தின் அடிப்படை அசைவு, நீட்டிவிடாது. பிள்ளை நடன வகுப்புக்குப் போகிறாள் என்பதற்காக காலை நேராக வைத்திருக்க இரவில் போடும் ஸ்பிளின்டை நிறுத்தக் கூடாது; காலை நீட்டும் பயிற்சியையும் விடக் கூடாது. நடனம் கொடுப்பது வேறு விஷயம்.

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் ஒரு பிள்ளை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) குறைமாதத்தில் பிறந்தவள். இரண்டு காலிலும் இறுக்கம். நின்றால் முழங்கால்கள் உள்பக்கம் திரும்பி ஒன்றோடொன்று உரசும். குதிகால் தரையில் முழுசாகப் படாது. கை, கண், பேச்சு எல்லாம் நன்றாக இருந்தன. அவள் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பரதம் பழகினார்கள். இவளும் கூடவே போவாள், வாசலில் உட்கார்ந்து எல்லோருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்வதற்கு. அப்படி உட்கார்ந்தே, ஆட்டத்துக்குச் சொல்லும் தாளச் சொற்கட்டு முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டாள். உள்ளே யாராவது தாளம் தப்பினால் வாசலிலிருந்து இவள் குரல் வருமாம்.

"இவளும் ஆடணும்ங்கிறா மிஸ், நடக்குமா?" என்று அவள் அம்மா கேட்டபோது, நடன ஆசிரியையோடு பேசினேன். அவருக்கு இருந்தது பயம்தான். விழுந்து எலும்பு முறிந்தால் யார் பதில் சொல்வது? நியாயமான பயம். அதற்கு "தைரியமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பது பதிலாகாது. எது செய்யலாம், எது கூடாது என்று உட்கார்ந்து பார்த்தோம்.

பரதத்தின் அடிப்படை நிலையான அரைமண்டிக்கு இடுப்பு வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், முழங்கால் பக்கவாட்டில் மடிய வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், குதிகால் தரையில் பதிய வேண்டும். இந்தப் பிள்ளையின் தசைகள் இழுக்கும் திசைக்கு இது நேர் எதிர். வற்புறுத்தினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவும் ஆபத்தும் உண்டு; எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அந்த மூட்டோடு விளையாடக் கூடாது. ஆகவே அரைமண்டி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பாதம் இரண்டும் தரையில் பதிகிற உயரத்தில், கைப்பிடி இல்லாத ஸ்டூல் ஒன்று. தட்டடவு முதலில் அதில் உட்கார்ந்தபடி, பிறகு இரண்டு வாங்குகளுக்கு நடுவே நின்றபடி. முத்திரை, கண், அபிநயம் இவற்றில் எந்தச் சலுகையும் கிடையாது.

அந்த ஆசிரியையிடம் எனக்குப் பிடித்தது இதுதான்: பதாக முத்திரையில் கட்டைவிரல் தளர்ந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு விழும் அதே திட்டு இவளுக்கும் விழுந்தது. தட்டுக்கழி அதே வேகத்தில்தான் தட்டியது. பிறந்ததிலிருந்து "பாவம், விடுங்க" என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு, "பிழை, திரும்பச் செய்" என்று ஒருவர் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம்.

அவள் கால் மாறிவிடவில்லை. ஆனால் மேட்டு லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிகளில் இப்போது வாய்க்குள் "தெய்யா தெய்" சொல்லிக்கொண்டு இறங்குகிறாள். இதில் மாயம் எதுவும் இல்லை. சீரான தாளம் கேட்டால், அடுத்த அடி எப்போது வைக்க வேண்டும் என்று மூளை முன்கூட்டியே தயாராகிறது. பக்கவாதம், பார்க்கின்சன் நோய் வந்தவர்களின் நடைப்பயிற்சியிலும் இதைத்தான் பயன்படுத்துகிறோம். நியூயோர்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு பார்க்கின்சன் நோயாளிகளுக்கென்று 2001இல் தொடங்கிய வகுப்பு இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அங்கேயும் வருபவர்களை நோயாளிகள் என்று பார்க்காமல், நடனம் பழக வந்தவர்கள் என்றே பார்க்கிறார்கள்.

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் சுதா சந்திரனைச் சொல்வார். டிவி நாடகங்களில் பார்த்துப் பழகிய முகம், நம் பக்கத்துப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். 1981இல் திருச்சிக்குப் பக்கத்தில் நடந்த பஸ் விபத்தில் வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு 1984இல் மீண்டும் மேடையேறினார். இரண்டு ஆண்டுகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். நடுவில் இருந்த காலத்தைத்தான் நான் நோயாளிகளிடம் பேசுவேன். வெட்டிய இடம் ஆறி, வீக்கம் வடிந்து, செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் அது பொருந்தி, தோல் தடித்து, சமநிலை திரும்பி வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நடனம் என்றால் அதற்கும் மேலே. இன்னொன்று, விபத்துக்கு முன்பே அவர் சின்ன வயதிலிருந்து பழகிய நர்த்தகி. பிறவியிலேயே குறைபாடுள்ள பிள்ளையிடம் "சுதா சந்திரனைப் பார்" என்று சொல்வது ஊக்கமா, சுமையா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அந்தக் காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது அது. மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்துக்குள் போடுவதற்கென்று செய்யப்பட்டவை. இது வெறுங்காலோடு நடக்க, சேற்றில் மிதிக்க, குந்தி உட்கார ஏற்றபடி ரப்பரில் செய்தது. பரதத்துக்கு மட்டுமல்ல, தேயிலை மலைக்கும் பொருத்தமான கால். இலங்கையில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நீண்ட காலமாக இது செய்து கொடுக்கப்படுகிறது. ஆடி முடித்ததும் காலைக் கழற்றி, தோலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைக்குத் திரும்பப் போடக் கூடாது. சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புண் வந்தாலும் அவர்களில் பலருக்குத் தெரியாது.

பரதத்தையே பேசிக்கொண்டிருந்தால் நம் மலையகத்தின் பெரிய நடனப் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவேன். அது காமன் பொட்டல், மாசியில் மன்மதன் கதையைக் காமன் கூத்தாக ஆடும் திடல்.

பிறவியிலேயே காது கேட்காத இளைஞர் ஒருவர், மணிக்கட்டு முறிந்து கட்டுப் பிரித்த பிறகு பயிற்சிக்கு வந்தார். மாசி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டைச் சுழற்றச் சொன்னால் மேசை மேல் தப்பு என்ற பறையை அடிக்கும் குச்சிகள் இருப்பதுபோல் இரண்டு கையாலும் அடித்துக் காட்டினார். தாளம் சுத்தமாக இருந்தது. காமன் கூத்தில் அவர் சில வருஷமாக வீரபத்திரன் வேஷம் கட்டுகிறாராம். எப்படித் தாளம் பிடிக்கிறார் என்று அவருடைய அண்ணனிடம் கேட்டேன். அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நெருப்பில் காய்ச்சித் தோல் விறைத்த தப்பு, பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்கூட்டில் அதிரும். மிச்சத்தை அடிப்பவரின் தோளைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறார். அந்தக் கூத்தில் அவருக்கென்று யாரும் தனியாக எதையும் மாற்றவில்லை. பார்த்துப் பழகுவதுதான் அங்கே எல்லோருக்கும் வழி. அதனால் இவருக்கும் வழி இருந்தது. தப்படிப்பதை இழிவாகப் பார்க்கிற பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன் பிள்ளை பரதம் ஆடினால் படம் பிடித்து அனுப்பும் பெற்றோர், பொட்டலில் ஆடினால் வாய் திறப்பதில்லை.

சீனாவின் மாற்றுத்திறனாளிகள் கலைக்குழு 2004இல் ஏதென்ஸ் பராலிம்பிக் நிறைவு விழாவில் ஆடியதைப் பலர் போனில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பின் ஒருவராக நின்று ஆயிரம் கைகள்போல் விரிப்பார்கள். ஆடியவர்கள் காது கேளாதவர்கள். மேடை மூலைகளில் நின்று சைகையால் தாளம் காட்டுபவர்களைப் பார்த்து ஆடினார்கள். நம் பாடசாலை மேடைக்கும் இது போதும்: பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் ஆசிரியர் நின்று கையால் எண்ணினால் சரி. மண்ணின் மேல் போட்ட சிமெந்துத் தரையில் அதிர்வு அவ்வளவாக வராது. பலகை மேடை இருந்தால் அதில் ஒத்திகை பாருங்கள்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளை நடனத்தில் சேர்க்க விரும்பும் ஆசிரியர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பார்த்து அப்படியே செய்வதில் இவர்களில் பலர் கெட்டிக்காரர்கள். சிரிப்பும் உற்சாகமும் வகுப்பையே தூக்கிவிடும். ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருக்கும். அதைப் பார்த்த டொக்டரின் சம்மதம் இல்லாமல் தொடங்கக் கூடாது. அடுத்தது கழுத்து. முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவே சிலருக்குப் பிடிமானம் தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தலையைப் பின்னால் வேகமாகச் சாய்ப்பது, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறுவது வேண்டவே வேண்டாம். கழுத்து வலி, நடையில் திடீர்த் தடுமாற்றம், புதிதாகச் சிறுநீர் அடக்க முடியாமை இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளைக்குக் கணக்கு வேறு. களைக்கக் களைக்க ஆடினால் பலம் வரும் என்பது அவர்களுக்குப் பொருந்தாது. மறுநாள் காலையிலும் கால் வலித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

உலகத்தில் இது எங்கேயோ போய்விட்டது. செலஸ்ட் டான்டெக்கர் என்ற பிரித்தானிய நர்த்தகி 1973இல் மேடையில் ஆடும்போதே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1991இல் அடம் பெஞ்சமினோடு சேர்ந்து கன்டோகோ குழுவைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இருப்பவரும் நின்று ஆடுபவரும் சேர்ந்து ஆடும் குழு அது. சக்கர நாற்காலி நடனம் ஒரு விளையாட்டாகவே உலக அளவில் நடக்கிறது. இலங்கையில் சுனேத்ரா பண்டாரநாயக்க 2000இல் தொடங்கிய சுனேரா பவுண்டேஷன் மாற்றுத்திறனாளிகளுக்கு நடன, நாடகப் பட்டறைகள் நடத்திவருகிறது. விஸ்எபிலிட்டி அமைப்பு வடக்கிலும் கிழக்கிலும் இதே வேலையைச் செய்திருக்கிறது.

நம் பக்கத்தில்? டிசம்பர் 3 வந்தால் போன் வரும். சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு ஒரு நடனம் வேண்டுமாம். ஒரு விழாவில் பார்த்தேன், வாடகைக்கு வந்த நடனக் குழுவுக்குக் கவரில் பணம். இந்தப் பிள்ளைகளுக்குப் பார்சல் சோறும் கேடயமும், ஒரு நீண்ட பேச்சும். சபையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆட்டம் நன்றாக இருந்ததா என்று யாரும் பேசவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த பையனை நாலு பேர் நாற்காலியோடு தூக்கித்தான் மேடையேற்றினார்கள். ஒப்பனையோடு, எல்லோரும் பார்க்க. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இலேயே வந்துவிட்டது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தின் 30ஆவது உறுப்புரை, கலைத்திறனை வளர்த்துக்கொள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றே சொல்கிறது. மண்டபத்தைப் பதிவு செய்யும்போதே மேடைக்குப் படி எத்தனை என்று கேளுங்கள். சாய்தளம் இல்லையென்றால் எல்லோரையும் கீழே, தரையில் ஆட விடலாமே.

நம் பிள்ளைகளில் பலர் வட இலங்கைச் சங்கீத சபையின் நடனப் பரீட்சைகளுக்குத் தோற்றுகிறார்கள். மாற்றிப் பழகிய அடவோடு ஒரு பிள்ளை தோற்ற விரும்பினால், பரீட்சை மண்டபத்தில் போய் நின்று விளக்கம் சொல்லாமல், விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கடிதத்தோடு ஆசிரியர் எழுதிக் கேட்பது நல்லது. அந்தக் கடிதத்தை எங்களிடம் கேட்டு வாங்கலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடன ஆசிரியரும் ஒருமுறை கிளினிக்குக்கு வந்தால், எந்த அசைவு சரி, எது வேண்டாம் என்று அங்கேயே செய்து பார்த்துவிடலாம். வரும்போது சலங்கையையும் கொண்டுவாருங்கள். அதன் எடையோடு கால் எவ்வளவு உயர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.