அரை டம்ளர் பாயசம் குடிச்சா ஏன் இப்படி வேர்க்குது?

வாசகி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: "அப்பாவுக்கு வயித்துல கேன்சர், இரைப்பையை முழுசா எடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து நல்லாத்தான் இருந்தார், ஆனா அரை டம்ளர் பாயசம் குடிச்ச கால் மணி நேரத்துல சட்டை நனையுற அளவு வேர்த்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு அப்படியே படுத்துட்டார். அத்தை கண்ணு பட்டுருச்சுன்னு மிளகாய் சுத்திப் போட்டாங்க. ஏன் இப்படி?"

கண்ணு இல்லைங்க, இதுக்குப் பேரு டம்பிங் சிண்ட்ரோம்.

இரைப்பையை எடுத்துட்டு உணவுக்குழாயை நேரா சிறுகுடலோட தச்சுடுவாங்க, 1897லயே சூரிச்ல கார்ல் ஷ்லாட்டர்ங்கிற சர்ஜன் செஞ்சு காட்டினதுதான். செரிமானம் பெரும்பாலும் சிறுகுடல்லதான் நடக்குது, அதனால வாழ முடியும். ஆனா இரைப்பையோட அடிவாசல்ல பைலோரஸ்னு ஒரு வளையத் தசை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச காவல்காரன் அது. நாம அவசரமா அள்ளிப் போட்டதை எல்லாம் உள்ளயே நிறுத்தி, கூழா அரைபட்ட பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா குடலுக்கு விடும்.

அது போயிட்டா பாயசம் மொத்தமா குடல்ல இறங்கிடுது. ஸ்கூல்ல உருளைக்கிழங்கைக் குடைஞ்சு சர்க்கரைத் தண்ணி ஊத்தி, தண்ணித் தட்டுல வச்சோமே, ஞாபகம் இருக்கா? வெளிய இருக்கிற தண்ணி உள்ள ஏறுமே, அதே சவ்வூடுபரவல்தான். குடல்ல கெட்டியான சர்க்கரை, பக்கத்துலயே ரத்தம், ரத்தத்துல இருக்கிற தண்ணி குடலுக்குள்ள பாயுது, வயிறு உப்பி கடமுடங்குது, ரத்த அளவு குறைஞ்சதால இதயம் வேகமா அடிக்குது, வேர்த்துக் கொட்டுது, குடல் ஹார்மோன்களும் சேர்ந்துக்குது. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும், அதனாலதான் மிளகாய் சரி பண்ணிடுச்சுன்னு தோணுது! ஒன்னு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்சுலின் அதிகமா சுரந்து ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சு கை நடுங்கினா, அது இதோட ரெண்டாவது ரவுண்டு.

இனிப்பைக் குறைச்சு, முட்டை மீன் பருப்பு சேர்த்து, ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சமா குடுங்க, தண்ணியைச் சாப்பாட்டோட குடுக்காதீங்க. பி12 ஊசியை டாக்டர் சொன்னபடி விடாம போடுங்க, அந்த வைட்டமினை உறிஞ்ச உதவுற புரதம் இரைப்பையிலதான் சுரக்குது. இதையெல்லாம் உக்கார வச்சுச் சொல்ல ஒரு டயட்டீஷியன் எல்லா கேன்சர் வார்டுலயும் இருக்கணும், புது மருந்துக்கு ஒதுக்குற பணத்துல ஒரு பங்கு இதுக்கும் வரணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

இன்னொன்னு, அப்பாவை "பசிச்சா சாப்பிடுங்க"ன்னு விட்டுடாதீங்க. பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையிலதான் உருவாகுது, அதனால நிறைய பேருக்குப் பசியே தெரியறதில்ல. எனக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் போன்ல அலாரம் வச்சிருக்கார், அடிச்சதும் பாதி இட்லியைப் பிட்டு வாயில போட்டு, கூழாகுற வரைக்கும் மென்னுக்கிட்டே இருப்பார்.