சைட்டேஷன்: மேற்கோளா, சுட்டா, உசாத்துணையா?

என் அண்ணன் மகள் இங்கே சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறாள். நெறியாளரிடமிருந்து திருத்தத்தோடு வந்த மூன்றாம் இயலின் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அந்தப் பக்கத்தில் ‘மேற்கோள்’ என்ற சொல் மூன்று இடத்தில் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டு, பக்கத்தில் “எது?” என்று எழுதப்பட்டிருந்தது. கீழே அவள் கேள்வி: “சித்தப்பா, சைட்டேஷனுக்குத் தமிழ் மேற்கோள்தானே? இதில் என்ன தப்பு?”

பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வட்டத்தில் “பின்வரும் மேற்கோள் இதை உணர்த்தும்” என்றிருந்தது. அடுத்து இரண்டு வரிக் கவிதை. அதாவது கொட்டேஷன். இரண்டாவது, “மேற்கோள் 14 காண்க”. அது அடிக்குறிப்பு எண், அதாவது எந்த நூலின் எந்தப் பக்கம் என்று காட்டும் சைட்டேஷன். மூன்றாவது, இயலின் கடைசியில் நூல்களின் பட்டியலுக்குத் தலைப்பு: “மேற்கோள்கள்”. அது ரெஃபரன்ஸ். மூன்று வண்டிச் சுமையை ஒரே மாட்டின் மேல் ஏற்றியிருக்கிறாள். நெறியாளர் கேட்டது நியாயம்தான். ஆனால் இது அவள் மட்டும் செய்வதில்லை, நாம் எல்லாரும் செய்வது.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். இலத்தீனில் ‘சிதாரே’ என்றால் அழைத்தல், வரச்சொல்லுதல். ஆங்கிலத்துக்குள் 15ஆம் நூற்றாண்டில் வந்தபோதும் ‘சைட்’ என்பதற்கு முதற்பொருள் நீதிமன்றத்துக்கு அழைப்பாணை அனுப்புவதுதான். ஒருவரைப் பெயர் சொல்லி மன்றத்துக்கு வரவழைப்பது. பிறகுதான் ஒரு நூலை, ஒரு ஆசிரியரைத் தன் வாதத்துக்குச் சாட்சியாக வரவழைப்பது என்று பொருள் விரிந்தது. பட்டமளிப்பு விழாவில் கௌரவப் பட்டம் பெறுபவரைப் பற்றி மேடையில் வாசிப்பதும் சைட்டேஷன்தான். அதற்கு நாம் பாராட்டுரை என்கிறோம், அது போதும்.

இந்தச் சாட்சிப் பொருளுக்குத் தமிழில் நேர்ச் சொற்கள் உண்டு. பழைய சொல் ‘கரி’. “இந்திரனே சாலுங் கரி” என்கிறது 25ஆம் குறள். இன்றைக்குக் கரி என்றால் அடுப்புதான் நினைவுக்கு வரும் என்பதால் அதை விட்டுவிடலாம். ‘சான்று’ நம்மிடம் நன்றாகவே புழக்கத்தில் இருக்கிறது.

சரி, மேற்கோளுக்கு வருவோம். மேல் + கோள். ‘கொள்’ என்ற வினையடி நீண்டு ‘கோள்’ ஆகிறது. கெடு கேடு ஆவதுபோல, பெறு பேறு ஆவதுபோல. பயணம் மேற்கொண்டார், விரதம் மேற்கொண்டார் என்கிறோமே, அதே மேற்கொள்ளுதல்தான். “கொலைமேற்கொண் டாரிற் கொடிதே” என்ற 551ஆம் குறளிலும் இதே பொருள்: ஒன்றைத் தன் செயலாக, தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்வது. அப்படியானால் மேற்கோள் என்பது ஒருவர் தான் ஏற்று நிற்கும் கருத்து. பிறருடைய கருத்தே அல்ல!

இது என் ஊகம் இல்லை. சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் 12 சூத்திரங்கள். ஒவ்வொன்றின் பொருளையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று மூன்றாகப் பிரித்து நிறுவுகிறார். அங்கே மேற்கோள் என்றால் நிறுவப்போகும் கூற்று. ஏது அதற்கான காரணம். எடுத்துக்காட்டு உவமையோடு விளக்குவது. இன்றைய ஆய்வேட்டு மொழியில் அந்த மேற்கோளுக்குக் கருதுகோள் என்று சொல்லலாம். 13ஆம் நூற்றாண்டில் ‘நான் சொல்லப்போவது’ என்றிருந்த சொல், இன்றைக்கு ‘பிறர் சொன்னது’ ஆகிவிட்டது. ஒரு சொல் இப்படி நேர் எதிர்ப்பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வது மொழியில் புதிதில்லை. ‘நாற்றம்’ பட்ட பாடு நமக்குத் தெரியாததா?

இந்த இரண்டு பொருளும் உரசிக்கொள்ளும் இடம் ஒன்று நன்னூல் பாயிரத்தில் இருக்கிறது. முன்னோர் எழுதிய சூத்திரங்களை அப்படியே எடுத்துத் தன் நூலில் வைப்பது ஏன் என்பதற்கு அங்கே விளக்கம் சொல்லப்படுகிறது. அவர்கள் சொன்ன பொருளை மட்டுமல்ல, அவர்களுடைய சொல்லையும் “பொன்னேபோற் போற்றுவம்” என்று காட்டுவதற்கு; அவர்களிலிருந்து மாறுபட்டு “வேறுநூல் செய்துமெனு மேற்கோளில்” என்று காட்டுவதற்கு. வேறு நூல் செய்வோம் என்ற மேற்கோள் எங்களுக்கு இல்லை என்கிறது அந்த வெண்பா. இங்கும் மேற்கோள் என்பது எண்ணம், கோட்பாடுதான். வேடிக்கை என்னவென்றால், முழு வெண்பாவும் பேசுவது நாம் இன்று மேற்கோள் என்று சொல்கிற விஷயத்தைப் பற்றி! எடுத்துவைக்கும் செயலுக்கு அங்கே வரும் பெயர் வெறும் ‘கோள்’: “கூறுபழஞ் சூத்திரத்தின் கோள்”.

அதே நன்னூலின் 32 உத்திகளில் இரண்டை ஆய்வு மாணவர்கள் மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளலாம். ஒன்று ‘தானெடுத்து மொழிதல்’: பழைய நூலின் சொற்களை அப்படியே எடுத்து வைப்பது. மற்றது ‘பிறன்கோள் கூறல்’: பிறருடைய கருத்தை நம் சொல்லில் சொல்வது. மேற்கோள் குறிக்குள் போடுவதற்கும், குறி இல்லாமல் சுருக்கிச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இன்றைய பல்கலைக்கழகக் கையேடுகள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. பவணந்தியார் இரண்டு தொடரில் முடித்துவிட்டார்.

அப்படியானால் நம் முன்னோர் சான்று காட்டுவதில் சுத்தமா என்றால், இல்லை. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே “முப்பஃ தென்ப” என்று போகிறது. என்ப என்றால் ‘என்று சொல்வார்கள்’. யார் சொல்வார்கள்? பெயர் இல்லை. “என்மனார் புலவர்” என்று வேறு இடங்களில் வரும், எந்தப் புலவர்? தொல்காப்பியர் இன்றைக்கு ஆய்வேடு கொடுத்தால் பக்கத்துக்குப் பத்துச் சிவப்பு வட்டம் விழும். உரையாசிரியர்களும் அப்படித்தான். பாட்டு வரியை எடுத்துவைத்துவிட்டு “என்றார் பிறரும்” என்று போய்விடுவார்கள். கற்றவர்கள் மட்டும் படித்த காலம், வரியைச் சொன்னாலே நூல் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பிற்காலத்தில் உ.வே. சாமிநாதையரைப் பாடாய்ப் படுத்தியது. சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் வரும் மேற்கோள் வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடித்தேடித்தான் சங்க நூல்களின் ஏடுகளுக்குள் அவர் ஆழமாகப் போனார். சான்று சுட்டாமல் விட்டதால் விளைந்த நன்மை என்று இதைச் சொல்லலாம்; மாணவர்கள் இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய சிந்தாமணிப் பதிப்பு வந்தது 1887இல். அதே 1887இல்தான் இங்கே சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’ அச்சானதும் அந்த ஆண்டே.

சிங்கை நேசன் பெயரை எடுத்ததால் ஒன்று சொல்ல வேண்டும். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் பட்டியலில் பழைய தமிழ் நூல்களைத் தேடும் மாணவர்கள் ரோமன் எழுத்தில் எஸ் போட்டுத் தேடிவிட்டு “இல்லை” என்று திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். நூலகர்கள் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பதியும் முறையில் ஒலி முக்கியமில்லை, எழுத்துத்தான் முக்கியம். சகரம் எங்கே வந்தாலும் அது ரோமன் ‘சி’. ககரம் எங்கே வந்தாலும் ‘கே’. ஆகவே சிங்கை, எஸ்-இல் தொடங்காது. நேசனின் நடுவிலும் எஸ் இருக்காது. தமிழ் எழுத்திலேயே தேடுங்கள். அகப்படாவிட்டால் இந்த முறையில் ஒருமுறை தேடுங்கள். அலமாரி எண்ணையும் பார்த்து வையுங்கள். தமிழ் இலக்கியத்துக்கு டூவி வகைப்பாட்டில் 894.811. துருக்கியும் ஹங்கேரியனும் ஃபின்னிஷும் அந்த 894-க்குள்தான் இருக்கின்றன. ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற பெரிய ஐரோப்பிய மொழிகளுக்கு ஆளுக்கொரு வீடு கொடுத்துவிட்டு, மிச்சமானவர்களை ஒரே அறையில் படுக்க வைத்ததுபோல.

இனி இரண்டாவது வட்டத்துக்கு, அதாவது அடிக்குறிப்பு எண்ணுக்கு, என்ன சொல்? என் தேர்வு ‘சுட்டு’. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்தோம். ‘அந்த வீடு’ என்று விரல் நீட்டினால் அங்கே வீடு இருக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவும் வேண்டும். சைட்டேஷனின் வேலை முழுவதும் இதுதான்: படிப்பவர் அதே நூலின் அதே பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். செயலுக்குச் சான்று சுட்டல், எண்ணுக்கோ அடைப்புக்குறிக்கோ சுட்டு. ‘மேற்கோள் காட்டுதல்’ என்பதும் தவறில்லை, ஆனால் அது வரியை எடுத்துவைப்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

சுட்டுவதில் நமக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு: பெயர். மேல்நாட்டு நடைக் கையேடுகள் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? மா. இளங்கண்ணன் என்றால் இளங்கண்ணன்தான் அவர்; அகர வரிசையில் ‘இளங்கண்ணன், மா.’ என்று இகரத்தில் வருவார். இதுவரை சிக்கல் இல்லை. சிங்கப்பூர் அடையாள அட்டையில் உள்ளபடி கண்ணன் எஸ்/ஓ முருகன் என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியவரை, நூற்பட்டியலைத் தானாகத் தயாரித்துத் தரும் குறிப்பு மென்பொருள் என்ன செய்யும்? கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ‘முருகன், 2012’ என்று போட்டுவிடும். வாழ்நாளில் ஒரு கடிதம்கூட எழுதாத அப்பா ஆய்வாளர் ஆகிவிடுவார். என் அண்ணன் மகளின் பட்டியலில் இப்படி மூன்று அப்பாக்கள் இருந்தார்கள். மென்பொருளை நம்பலாம், ஆனால் கடைசியில் ஒருமுறை நம் கண்ணால் பார்க்க வேண்டும்.

குறுக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் ப., பல பக்கம் பக்.; இலத்தீன் ‘இபிட்’ என்பதற்கு ‘மேலது’. மேலது மிக அழகான சொல். ஆனால் நடுவில் வேறொரு சுட்டைச் செருகினால் மேலே இருப்பது வேறு நூலாகிவிடும். ஆய்வேட்டை வெட்டி ஒட்டும்போது முதலில் உடைவது இதுதான்.

மூன்றாவது வட்டம், பட்டியலின் தலைப்பு. துணைநூற்பட்டியல் என்று எழுதுவோர் அதிகம், நல்ல சொல்தான். எனக்குப் பிடித்தது இலங்கைத் தமிழர்கள் விடாமல் காப்பாற்றி வைத்திருக்கும் ‘உசாத்துணை’. உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல், கலந்து பேசுதல். இது இருபதாம் நூற்றாண்டில் உட்கார்ந்து உருவாக்கிய கலைச்சொல் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். தொல்காப்பியக் களவியலில் இருக்கிறது: “சூழ்தலும் உசாத்துணை நிலைமையிற் பொலிமே”. அங்கே உசாத்துணை யார் தெரியுமா? தோழி. தலைவி தன் மனத்தில் உள்ளதை யாரிடம் சொல்லி, யாரோடு கலந்து முடிவெடுப்பாளோ அவள். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் நூல்கள் எல்லாம் நாம் உட்கார்ந்து பேசிய தோழிகள் என்றால், படிக்காத நூலைப் பட்டியலில் சேர்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

ரெஃபரன்ஸ் நூலகத்தை ‘மேற்கோள் நூலகம்’ என்று எழுதுவோர் உண்டு. அதே தேசிய நூலகக் கட்டடத்தில் உள்ள லீ கொங் சியான் ரெஃபரன்ஸ் நூலகத்தில் நடப்பதை நினைத்தால் உசாத்துணை நூலகம் என்பதுதான் பொருத்தம். அங்கே உள்ள நூலை இரவல் வாங்க முடியாது. உசாவலாம், குறித்துக்கொள்ளலாம், அப்புறம் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஆகவே எழும் முன் பக்க எண், பதிப்பு, ஆண்டு எல்லாம் குறிப்பேட்டில் ஏறியிருக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு ஒருமுறை பழைய தமிழ் முரசு இதழ்களை நுண்படச் சுருளில் உருட்டி உருட்டிப் பார்த்து, ஒரு செய்தியை வரி பிசகாமல் எழுதிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் குறிப்பில் “முரசு, ப. 3” என்று மட்டும் இருக்கிறது. தேதி இல்லை. முரசு 1935இல் தொடங்கியது. மூன்றாம் பக்கம் எல்லா இதழிலும் உண்டு. திரும்பப் போய் அந்தச் சுருளை முதலிலிருந்து ஓட்டினேன். ஒரு மாலை முழுக்கப் போயிற்று, கண்ணும் எரிந்தது.

அண்ணன் மகளுக்கு இதையெல்லாம் குரல்பதிவாக அனுப்பினேன். இரண்டு நாளில் திருத்திய பக்கம் வந்தது. கவிதை வரிக்கு மேற்கோள், எண்ணுக்குச் சுட்டு, தலைப்புக்கு உசாத்துணை. மூன்று அப்பாக்களும் வெளியேறி, பிள்ளைகள் உள்ளே வந்திருந்தார்கள். பதினான்காம் சுட்டைத் தேடிப் பார்த்தேன். “தமிழ் முரசு, ப. 5” என்றிருந்தது. “தேதி எங்கேம்மா?” என்று கேட்டேன். சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் போகிறாளாம். நானும் கூட வர வேண்டுமாம்.