ஏபிஎஸ்: நடு எழுத்து பிரேக் இல்லை, கட்டை

போன ஐப்பசியில், காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். காலையிலிருந்து விடாத மழை. ஓட்டியது சித்தப்பா மகன், வண்டி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஓரத்துச் செம்மண் கரைந்து வந்து தார் மேல் சாந்து பூசினாற்போல் கிடக்கிறது, இவன் எண்பதில் போகிறான். "மெதுவாப் போடா" என்றால், "ஏபிஎஸ் இருக்குண்ணே, ஒன்னும் ஆகாது" என்கிறான்.

அடுத்த வளைவில் ஓர் ஆட்டுக்கூட்டம்.

பிரேக்கை ஓங்கி மிதித்தான். காலுக்கடியில் பெடல் கடகடவென்று அதிர, பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டான். வண்டி நேராகப் போய்ச் சாலையோர மண்ணில் இறங்கி நின்றது. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை, எங்களுக்கும் இல்லை. இறங்கியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக் போச்சுண்ணே". பிரேக் போகவில்லை. அந்த அதிர்வுதான் ஏபிஎஸ், பிரேக் போடும்போது சக்கரம் நின்றுபோய் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. எதை நம்பி எண்பதில் போனானோ அது வேலை செய்ய ஆரம்பித்ததும், கெட்டுவிட்டது என்று நினைத்துக் கைவிட்டுவிட்டான். அன்றிலிருந்து இந்த மூன்றெழுத்து என் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதை 'ஆன்டிலாக் பிரேக்கிங் சிஸ்டம்' என்று விரிப்பார்கள், நடுவில் உள்ள 'பி' பிரேக். ஆனால் ஜெர்மன் மொழியில் இதே மூன்றெழுத்தின் விரிவு 'ஆன்டிபிளாக்கியர்சிஸ்டம்'. மின்னணுவால் இயங்கும் ஏபிஎஸ்ஸை 1978இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸின் எஸ் வகைக் காருக்குக் கொண்டுவந்தபோது இருந்த பெயர் அது. (அதற்கு முன்பே விமானச் சக்கரங்களுக்கு டன்லப்பின் 'மேக்ஸரெட்' என்ற இயந்திர அமைப்பு இருந்தது, 1966இல் ஜென்சன் எஃப்எஃப் காரிலும் அதை வைத்தார்கள்.) ஜெர்மன் பெயரில் பிரேக் என்ற சொல்லே கிடையாது. 'பி' என்பது 'பிளாக்கீரன்', அதாவது மறித்துக்கொள்வது, சிக்கி நின்றுபோவது. அது பிரெஞ்சு 'பிளோக்கே'யிலிருந்து வந்தது, அதற்கு மூலம் 'பிளாக்', அதாவது மரத்துண்டு. நம் ஊர்க் கணக்கில் கட்டை.

கட்டை என்றதும் நமக்குத் தேர் நினைவுக்கு வராமல் இருக்குமா? சதுர்த்தித் திருவிழாவில் பிள்ளையார்பட்டித் தேர் வரும்போது வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், நான் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்ப்பேன். உருளுகிற சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுப்பதும் எடுப்பதும் மறுபடி கொடுப்பதுமாக, கால் நசுங்கும் தூரத்திலேயே நடந்து வருவார்கள். ஒரே போடாகப் போட்டு விட்டுவிட்டால் தேர் திமிறும். விட்டுவிட்டுப் போட்டால் சொன்னபடி கேட்கும். ஏபிஎஸ் செய்வது கிட்டத்தட்ட இதேதான். ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தைப் பார்க்கும் உணரி இருக்கிறது, ஏதாவது ஒரு சக்கரம் திடீரென்று நின்றுபோகப் பார்த்தால் அதற்குப் போகும் பிரேக் அழுத்தத்தை விட்டுவிட்டுக் கொடுக்கிறது, நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை. பெடலில் தட்டுவது அந்தக் கட்டைதான்.

சித்தப்பா காலத்து அம்பாசிடரில் இந்த வேலையை அவர் காலே செய்தது. மழையில் "மிதிச்சு விடு, மிதிச்சு விடு" என்றுதான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்தப் பழக்கம் தப்பு. ஓங்கி மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். சக்கரம் நின்றுபோய் வழுக்கினால் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது, உருண்டுகொண்டே வேகம் குறைந்தால் கேட்கும். ஆட்டைச் சுற்றி வளைத்துப் போக முடிவதுதான் இதன் முதல் பயன். சீக்கிரம் நிற்பது இரண்டாம்பட்சம், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. உதிரிச் சரளையிலும் மணலிலும் நிற்கும் தூரம் கூடவே செய்யும், ஏனென்றால் அங்கே இறுகி நின்றுபோன சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அதிலேயே முட்டி நிற்கும்.

சரி, நனைந்த தார்? வழுக்கிப் போகும் சக்கரத்தைவிட ஏபிஎஸ் கொஞ்சம் முன்னதாக நிறுத்தும். ஆனால் தாரில் இல்லாத பிடியை அது எங்கிருந்து கொண்டுவரும்? சாலையின் பிடியைச் சொல்லும் உராய்வெண்ணைக் காய்ந்த சாலையில் 0.7 என்றும், நனைந்ததில் 0.4 என்றும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த தாரில் சுமார் 36 மீட்டரில் நிற்கிற வண்டிக்கு, நனைந்த தாரில் 63 மீட்டர் வேண்டும். ஆட்டைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் ஓடும் 22 மீட்டர் தனி. தேங்கிய தண்ணீரில் இன்னும் மோசம், 32 பிஎஸ்ஐ காற்றடித்த டயர் ஏறக்குறைய 95 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீர் மேலேயே ஏறி மிதக்கத் தொடங்கலாம், தேய்ந்த டயர் என்றால் அதற்கு முன்பே. மிதக்கிற சக்கரத்தை எந்தக் கம்ப்யூட்டர் பிடித்து என்ன செய்ய? மழையில் நனைந்த வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல் மேல் ஓடிப்பார்த்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லவே வேண்டாம்.

பெயரில் பிரேக் என்று கேட்டதால் 'நல்ல பிரேக்' என்று எடுத்துக்கொள்கிறோம், நல்ல பிரேக் என்றால் வேகமாகப் போகலாம். நம் ஊர் ஆள்கள் மட்டுமல்ல. 1980களில் மியூனிக் நகரில் ஒரு டாக்சி நிறுவனத்து வண்டிகளில் பாதிக்கு ஏபிஎஸ் வைத்து, பாதிக்கு வைக்காமல் சில ஆண்டுகள் பார்த்தார்கள். விபத்து எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமே இல்லை. பயணிபோல ஏறி உட்கார்ந்து கவனித்தவர்கள் பார்த்தது, ஏபிஎஸ் வண்டிக்காரர்கள் வளைவில் வெட்டித் திரும்பினார்கள், முன்வண்டியை இன்னும் நெருங்கிப் போனார்கள். கொடுத்த பாதுகாப்பை வேகத்துக்கே செலவழித்துவிட்டார்கள்.

ஆனால் எல்லா மின்னணுத் துணையும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஈஎஸ்பி என்று ஒன்று, 1995இல் வந்தது, வண்டி வளைவில் வழுக்கினால் ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்கும். தேர் திரும்பும் முனையில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுப்பார்களே, அந்த வித்தை. வேறு வண்டி மோதாமல் தானே தடம் புரளும் விபத்துகளில் சாவை இது ஏறக்குறையப் பாதியாகக் குறைத்ததாக அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. இது தானாகவே ஓசைப்படாமல் வேலை செய்துவிடுவதால் யாரும் இதை நம்பி வீரம் காட்டுவதில்லையோ என்பது என் ஊகம்.

இனி, தமிழில் என்ன சொல்வது? 'எதிர்ப்பூட்டு' என்று வார்த்தைக்கு வார்த்தை வைத்தால் ஏதோ திருட்டுக்கு எதிரான பூட்டு மாதிரி இருக்கிறது. 'பூட்டா நிறுத்தி' என்றால் இன்னொரு சிக்கல், நமக்கு வண்டி பூட்டுவது என்றால் மாட்டைக் கட்டிக் கிளப்புவது, பூட்டாத வண்டி கொட்டகையில் கிடக்கும். பட்டறையில் யாரும் பூட்டு என்று சொல்வதும் இல்லை, வீல் ஜாம் ஆகிவிட்டது என்பார்கள், கொஞ்சம் வயதானவர்கள் சக்கரம் இறுகிவிட்டது என்பார்கள். அணையா விளக்கு, வாடா மலர் வரிசையில் 'இறுகா நிறுத்தி' என்று வைக்கலாம் என்பது என் கட்சி. நிறுத்தி என்ற சொல்லையும் எடுத்துவிட்டு 'சக்கர இறுகல் தடுப்பு' என்றால் ஜெர்மன் மூலத்துக்கு இன்னும் நெருக்கம், கேட்பவருக்குப் 'பெரிய பிரேக்' என்ற நினைப்பும் வராது. ஆனால் வாயில் நுழைய வேண்டுமே.

பைக்காரர்களுக்கு ஒன்று. 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து இங்கே ஏபிஎஸ் கட்டாயம், ஆனால் பலவற்றில் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். மட்கார்டில் ஏபிஎஸ் என்று ஒட்டியிருந்தாலும் பின்சக்கரம் இறுகும்.

தம்பியிடம் 'இறுகா நிறுத்தி'யைச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப சீக்கிரம் நிக்காதாண்ணே?" என்றான். அவன் அப்படிக் கேட்டதிலேயே எனக்குப் பெயர் பிடித்துப்போனது.