வேட்டை மான்கறி: ஒரு வருடத்துக்கு எவ்வளவு எடுத்து வைப்பது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் மாதம், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கி மான் வேட்டை ஆரம்பிக்கும். மொத்தம் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் கேஸ் ஸ்டேஷன், காபிக்கடை, மளிகைக்கடை எங்கே போனாலும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு உடுப்புதான். அது முடிந்த கையோடு வீட்டு ஃப்ரீஸர்கள் நிறையும், அப்புறம் குளிர்காலம் முழுக்க ஆலோசனைக்கு வருகிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் அந்தக் கறியைப் பற்றிக் கேட்பார்கள். தினமும் சாப்பிடலாமா, குழந்தைக்குக் கொடுக்கலாமா, ஒரு குடும்பத்துக்கு எத்தனை மான் போதும் என்று. நான் இந்த மாநிலத்தில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன். நம் ஆட்களில் பயிற்சி வகுப்பு முடித்து, லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களும் இப்போது உண்டு. ஆபீஸ் நண்பர் கொடுத்தார் என்று நாலைந்து பொட்டலம் ஃப்ரீஸரில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் அதைவிட அதிகம். இவர்கள் இருவருக்காகவும்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானையோ கடமானையோ வேட்டையாடுவது குற்றம், அந்தக் கறியை வைத்திருப்பதும் குற்றம். நான் பேசுவது அமெரிக்காவின் வெள்ளைவால் மானைப் பற்றி. இங்கே அரசே சீசனையும் எண்ணிக்கையையும் வகுத்து, அனுமதிச் சீட்டு கொடுத்து வேட்டையாட விடுகிறது. ஆனால் இங்கேயும் காட்டு மான் கறியை விற்கக் கூடாது. சுட்டவர் சாப்பிடலாம், சும்மா கொடுக்கலாம், அவ்வளவுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லோரும் மானிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்: இரண்டு கிடைத்தால் இரண்டு, நாலு கிடைத்தால் நாலு, கிடைத்ததையெல்லாம் வெட்டி அடுக்கிவிட்டு அப்புறம் தின்று தீர்க்க வழி தேடுவது. நான் தட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்குப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 130 கிராம் பச்சைக்கறி, பிள்ளைகளுக்கு 90 கிராம். மொத்தம் 440. இங்கே வழக்கமாகக் கட்டும் ஒரு பவுண்டு பொட்டலம் 450 கிராம் என்பதால், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று சுலபமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு வேளை என்றால் 52 வாரத்துக்கு 104 பொட்டலம். ஆனால் எந்த வீட்டிலும் 52 வாரமும் ஒரே மாதிரி ஓடாது. ஊருக்குப் போவது, விருந்து, விரதம், சும்மாவே அலுத்துப்போவது எல்லாம் கழித்து 42 வாரம் என்று வையுங்கள். 84 பொட்டலம், கிட்டத்தட்ட 38 கிலோ.

இனி மான் பக்கம். வளர்ந்த பெண் மான் குடல் நீக்கியபின் 50 கிலோ அளவில் நிற்கும். அதிலிருந்து எலும்பில்லாத நல்ல கறி 18 முதல் 20 கிலோதான் வரும். பெரிய ஆண் மான் என்றால் 25 கிலோ வரை போகும், அந்த வருடத்துக் குட்டி என்றால் 10 கிலோ. முதல் தடவை போகிறவர்கள் இதைக் கேட்டு முகம் சுருங்கிவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் மனதில் முழு உருவத்தின் எடை இருக்கும். எலும்பு, தோல் போக, குண்டு பட்ட இடத்தைத் தாராளமாக வெட்டி எறிய வேண்டும், சவ்வை உரிக்க வேண்டும், கொழுப்பையும் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் மான் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டும், ஃப்ரீஸரிலேயே சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும். ஆக, நான் சொன்ன குடும்பத்துக்கு இரண்டு பெண் மான் போதும். மூன்றாவது எதற்கு என்று யோசிக்க வேண்டும்.

இது துண்டு துண்டாகத் தட்டில் வைத்துச் சாப்பிடும் அமெரிக்க வீட்டுக் கணக்கு. நம் வீட்டில் அதே ஒரு பவுண்டைச் சின்ன வெங்காயம், தேங்காய் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தால் சோற்றோடு இரண்டு வேளைக்கு வரும். அதனால் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்வது வருடத்துக்கு ஒரு மான், மிஞ்சினால் ஒன்றரை.

தினமும் ஒரு வேளை மான்கறிதான் என்று திட்டம் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, அதுவும் கடையில் மாட்டுக்கறி விலை ஏறும்போதெல்லாம். அந்தக் கணக்கையும் போடலாம்: 365 பொட்டலம், 164 கிலோ, எட்டு ஒன்பது மான். மான் கிடைக்கிறதா என்பது ஒருபுறம் இருக்கட்டும், உடம்புக்கு அது சரிவராது. மான்கறியும் சிவப்பு இறைச்சிதான். சிவப்பு இறைச்சியைச் சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். 130 கிராம் பச்சைக்கறி வெந்து தணிந்தால் 100 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். தினமும் என்றால் வாரத்துக்கு 680 கிராம் தாண்டுகிறது. அதில் நடுவே சாப்பிடும் ஆட்டுக்கறியும் பர்கரும் சேரவே இல்லை.

நான் மான்கறிக்கு எதிரி இல்லை. சமைத்த 100 கிராமில் 30 கிராம் புரதம், கொழுப்பு வெறும் 3 கிராம் அளவு, இரும்புச்சத்து 4 மில்லிகிராமுக்கு மேல். மாதவிடாய் அதிகமாகப் போய் ரத்தசோகையோடு வரும் பெண்களுக்கு, வீட்டில் இந்தக் கறி இருந்தால், முதலில் அதைத்தான் தட்டில் ஏற்றச் சொல்கிறேன். அதே இரும்புதான் ஹீமோகுரோமடோசிஸ் உள்ளவர்களுக்கு ஆகாது. உடம்பில் இரும்பு சேர்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய் அது, வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம், அதனால் இந்த ஊரில் அடிக்கடி பார்க்கிறோம். கீல்வாதத்தில் யூரிக் அமிலம் ஏறியவர்களும் அளவைக் குறைக்க வேண்டும். இப்படி யாராவது வீட்டில் இருந்தால் அவர்கள் பங்கைக் கழித்துவிட்டுத்தான் பொட்டலத்தை எண்ண வேண்டும்.

கொழுப்பே இல்லாத கறி என்ற நம்பிக்கை எங்கே கெட்டுப்போகிறது என்றால், கறி வெட்டித் தரும் கடையில். ரத்தக்கொதிப்பும் கொலஸ்ட்ராலும் உள்ள ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். மாட்டுக்கறியை விட்டு மான்கறிக்கு மாறிவிட்டேன், ஆனாலும் பிரஷர் இறங்கவில்லையே என்றார். ஃப்ரீஸரில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அடுத்த முறை அவர் மனைவி அழகான கையெழுத்தில் ஒரு முழுப்பக்கம் எழுதி அனுப்பியிருந்தார்: சம்மர் சாசேஜ், சீஸ் போட்ட சாசேஜ், ஸ்நாக் ஸ்டிக், பிராட்வர்ஸ்ட், ஜெர்க்கி. கடைசி வரியில்தான் இரண்டு பேக்ஸ்ட்ராப் (முதுகெலும்பை ஒட்டிய நீளக் கறி), கொஞ்சம் ஸ்டேக். அவர் சாப்பிட்டதில் பெரும்பகுதி பன்றிக்கொழுப்பும் உப்பும் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சி. சம்மர் சாசேஜில் நாலு சின்ன வில்லை, அதாவது 55 கிராம் எடுத்தாலே சோடியம் 600, 700 மில்லிகிராம் போய்விடும். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்ததே, அதில் மானுக்கு விலக்கு ஒன்றும் கிடையாது. கடையில் கொடுக்கும்போது ஆர்டர் தாளில் டிக் அடிக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் வருடத்து உணவு அங்கேதான் முடிவாகிறது. சாசேஜ் வகைகளை விருந்தாளிக்கு என்று இரண்டு மூன்று கிலோவோடு நிறுத்துங்கள். கொத்துக்கறிக்குக் கொழுப்பு சேர்க்காதே என்று எழுதுங்கள், ரொம்ப வறட்சி என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கோலா உருண்டைக்கு அந்தப் பத்தும் தேவையில்லை, பொட்டுக்கடலை மாவே பிடித்துக்கொள்ளும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். ஈயம். பெரும்பாலான வேட்டைக்காரர்கள் ஈயத் தோட்டாதான் போடுகிறார்கள். வேகமாக வரும் ரைஃபிள் தோட்டா உடம்புக்குள் சிதறும், கண்ணுக்குத் தெரியாத, பல்லிலும் படாத துகள்கள் காயத்தைச் சுற்றி ஒரு அடிக்கு மேல்கூடப் போகும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஒரு மருத்துவர் உணவு வங்கிகளுக்குத் தானமாக வந்த மான் கொத்துக்கறிப் பொட்டலங்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். நிறைய பொட்டலங்களில் உலோகத் துகள். மாநில அரசு அந்தக் கறியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தியது. பக்கத்து மினசோட்டாவில் பரிசோதித்தபோதும் கிடைத்தது, அதிலும் முழுத்துண்டுக் கறியைவிடக் கொத்துக்கறியில்தான் அதிகம், ஏனென்றால் காயம் பட்ட ஓரக்கறியெல்லாம் அரவைக்குத்தானே போகிறது. கழுவினால் போகாது, ஒரு இடத்தில் இருப்பது மற்ற இடத்துக்குப் பரவும். இன்னொன்று, புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். எலுமிச்சையும் தயிரும் போட்டு ஊறவைத்து, புளி ஊற்றிக் கொதிக்கவிடுவது நம் வழக்கம், அதனால் நமக்கு இது கூடுதலாகவே பொருந்தும்.

ஆகவே ஈயத் தோட்டாவில் சுட்ட மான் என்றால் கர்ப்பிணிக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் பங்கு பூஜ்ஜியம். ஒரு வாய்கூட வேண்டாம். வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. ஏற்கனவே கொடுத்திருந்தால் பதற வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள், சின்னப் பரிசோதனைதான். இனி சுடப்போகிறவர்கள் செம்புத் தோட்டாவுக்கு மாறிவிடுங்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது, அங்கே வேட்டை நின்றுபோய்விடவில்லை. அம்பு எய்து வீழ்த்திய மானில் இந்தப் பிரச்சினையே இல்லை.

கர்ப்பிணிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு, டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி. 2017-இல் இங்கே விஸ்கான்சினில் சரியாக வேகாத மான்கறி சாப்பிட்ட ஒரு குழுவில் பெரும்பாலோர் அதனால் காய்ச்சலில் விழுந்தார்கள். ஃப்ரீஸரில் இருந்ததால் செத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். நடுவில் 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகவிடுங்கள். நாம் குக்கரில் வைக்கிற பழக்கம் இந்த விஷயத்தில் நல்லது.

அப்புறம் சி.டபிள்யூ.டி. என்கிற மான் மெலிவு நோய். 1967-இல் கொலராடோவில் முதலில் தெரிந்தது, 2002-இல் விஸ்கான்சினுக்கு வந்தது. மாட்டுக்கு வந்த பைத்திய நோயின் இனம். சமைத்தால் போகாது. மனிதனுக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் பரிசோதித்து, இருந்தால் சாப்பிடாதீர்கள் என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. நோய் இருக்கும் மான் வெளியே நன்றாகவே தெரியலாம். மாநில இயற்கை வளத் துறை இலவசமாகப் பரிசோதிக்கிறது, தலையை அவர்கள் வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் போதும், முடிவு வர இரண்டு வாரம்போல ஆகும். திட்டமிடுபவர் கவனிக்க வேண்டியது இது: முடிவு வரும்வரை அந்த மான் கணக்கில் சேராது. ஒவ்வொரு பொட்டலத்திலும் எந்த மான் என்று எண் போடுங்கள், கடையில் உங்கள் மானை அடுத்தவர் மானோடு கலந்து அரைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கலந்துவிட்டால் ஒன்றுக்கு நோய் என்று வந்தாலும் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஃப்ரீஸர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு கன அடியில் 16 கிலோ போல அடங்கும், ஆக இரண்டு மானுக்கு ஐந்து கன அடிப் பெட்டி தாராளம். மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் கறி கெடாது, ஆனால் ருசி போகும். கொத்துக்கறி மூன்று நாலு மாதம், முழுத்துண்டு ஒரு வருடம் வரை நன்றாக இருக்கும். அதனால் கொத்துக்கறியை மார்ச்சுக்குள் முடியுங்கள், தொடை, கழுத்து, முன்னங்கால் துண்டுகளைக் கோடைக்கு வையுங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது, அரைப்பதற்கான கறியில் பாதியை அரைக்காமல் துண்டாகவே கட்டச் சொல்லுங்கள், வேண்டும்போது அரைத்துக்கொள்ளலாம். எடுத்ததை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பனி விடவையுங்கள், சமையல் மேடையில் வைக்காதீர்கள்.

பொட்டலம் பரிசாக வாங்கியவர்கள் கொடுத்தவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: எந்தத் தோட்டா, பரிசோதனை முடிவு என்ன, எப்போது கட்டியது, கொழுப்பு சேர்த்ததா. நல்ல வேட்டைக்காரர் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், பெருமையாகவே பதில் சொல்வார்.

ஃப்ரீஸர் மூடியில் ஒரு தாள் ஒட்டி, பொட்டலம் எடுக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். ஆகஸ்டில், கூடுதல் சீட்டு வாங்கும் முன்பு, மீதியை எண்ணிப் பாருங்கள். முப்பதுக்கு மேல் மிச்சம் இருந்தால் இந்த வருடம் ஒரு மான் குறைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்குப் போகிற ஆசை தீராதவர்கள் இரண்டாவதைத் தானத்துக்குச் சுடலாம். விஸ்கான்சினில் மான் தானத் திட்டம் 2000-ஆம் ஆண்டிலிருந்தே நடக்கிறது, அதில் சேர்ந்திருக்கும் வெட்டும் கடையில் இறக்கிவிட்டால் வெட்டுக்கூலி நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை, கறி உணவு வங்கிக்குப் போய்விடும். அந்த மானுக்கும் செம்புத் தோட்டாவே போடுங்கள், உணவு வங்கியில் வரிசையில் நிற்பவர்களிலும் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள்.